இருபதாம் கட்டம்

ஓல்ட்டன் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடி.
ஆரே ஆற்றின் மூடுபனி
பத்து மணிவரை ஜன்னலை விட்டுப் போகாது.
பிஸ்கட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.
வேலை அலுவலகம் என்னை இங்கே அனுப்பியது:
ஒன்பது கிழமை, கோபோல்.

"ஆர் கோபால்?" என்றாள் தங்கச்சி தொலைபேசியில்.
என்னைவிட வயது கூடினவன், என்றேன்.
இன்னும் வேலைக்குப் போகிறான்.
எங்கட பென்ஷன் அவன்ர கையிலதான்.

முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு.
ஏழில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி வெறும் பேச்சு.
தலைப்பு எட்டில், வேலை பன்னிரண்டில்.
எழுபத்திரண்டைத் தாண்டி
எதை எழுதினாலும் அது பார்க்காது.
நான் ஒரு முற்றுப்புள்ளியை மறந்தேன்,
நாற்பத்தொரு பிழை வந்து விழுந்தது.
பெஸ்னிக் ஒன்றைக் கூடுதலாய் வைத்தான்,
ஒரு பிழையும் வரவில்லை.
கணக்குத்தான் பிழை.

பிராங்குக்கும் ராப்பனுக்கும் நடுவே
ஒரு புள்ளி இருப்பதாக
எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.
கோப்பில் அது கிடையாது.
அந்த இல்லாத புள்ளியை நம்பித்தான்
நூறு மடங்கு பிசகாமல் நிற்கிறது
யாரோ ஒருவரின் முதுமை.

புதன்கிழமை கோப்புத் திறக்கப் படித்தோம்.
வாசிக்கத் திறப்பது ஒன்று,
கடைசியில் சேர்க்கத் திறப்பது ஒன்று,
எழுதத் திறப்பது வேறொன்று.
ஒரே ஒரு பெயரைச் சேர்க்கத்தானே என்று
எழுதத் திறந்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.
திறந்த கணத்திலேயே ஒருவரும் இல்லை.

நிலை என்ன என்று கேட்டேன்.
பூச்சியம் பூச்சியம் என்றது.
அதன் பாஷையில்
நலம், நலமறிய ஆவல்.
ஒருதரம் கத்தியிருந்தால்
எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லாடினா சிரிக்கவில்லை.
என்னைவிடப் பதினான்கு வயது குறைந்தவள்,
நேற்றைய நகலை எடுத்துப் போட்டபடி சொன்னாள்:
"எல்லாரும் ஒருமுறை செய்வதுதான்.
நான் செய்த அன்று
அது பயிற்சிக் கோப்பு இல்லை."
அதற்குமேல் அவளும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
பெஸ்னிக் எழுந்துபோய்
மூன்று கோப்பி கொண்டுவந்தான்.

பிறகு வாசிக்க மட்டும் திறந்தேன்,
கதவிடுக்கால் பார்ப்பதுபோல.
வாசி. முடிந்ததா? இல்லை. அச்சிடு.
வாசி. முடிந்ததா? இல்லை.
கோப்பின் அடியில்
எங்கள் வகுப்பையும் சேர்த்திருந்தாள் லாடினா.
பெயருக்கு இருபது கட்டம், குடும்பப் பெயர் முதலில்.
தில்லையம்பலநாதன்:
அவர்களின் எழுத்தில் சரியாக இருபது.
இருபது கட்டத்திலும் அப்பா உட்கார்ந்திருந்தார்.
சிவகௌரிக்கு இடமில்லை,
எங்களிருவருக்கும் நடுவே விடவேண்டிய
வெற்றிடத்துக்கும் இல்லை.
வெட்டுப்பட்டது வெளியே தெரியவும் இல்லை.
அவ்வளவு ஒழுங்கு.

யாரும் கேட்காத ஒரு நிரலை
மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன்.
இருபதாம் கட்டம் காலியாக இல்லாதவர்களை
எண்ணிச் சொல்.
முப்பத்தொரு பேர் வந்தார்கள்.
குமாரசாமிகளையும் பெரெய்ராக்களையும்
எதிர்பார்த்தேன், வந்தார்கள்.
ஏஷ்லிமான் ஹான்ஸ்-உலியை எதிர்பார்க்கவில்லை.
இடைக்கோட்டோடு எண்ணினால் அவனும் இருபது.
அளவாய்ப் பொருந்தியவனா,
பின்னால் இன்னொரு பெயர் இருந்து போனவனா?
இருபதாம் கட்டத்துக்குத் தெரியாது.
ஹான்ஸ்-உலிக்குத் தெரிந்திருக்கும்.
பிறந்த ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு
என்றிருந்தது.

நாலரை வண்டிக்கு இன்னும் ஆறு நிமிடம்.
கோட்டை ஒரு கையில் மாட்டியபடி
நிரலின் முதல் வரிக்குப் போனேன்.
எழுபத்துமூன்றிலிருந்து எண்பது வரை
அது பார்க்காத எட்டுக் கட்டம்.
முழுப்பெயருக்கு அங்கேயும் ஒன்று போதாது.
கௌரி என்று அடித்தேன்,
அவர்களின் எழுத்தில் ஐந்து.

மூன்று மிச்சம்.