தலையில் மட்டும்

ஆஸ்திரேலியாவில் என்ன வேலை என்று
பெரியபட்டினத்தில் கேட்டவர்களுக்கெல்லாம்
‘கறிக் கம்பெனி’ என்றேன்.
பொய்யில்லை.
உம்மா மட்டும் விடவில்லை: ‘ஆடா, மாடா?’
‘ரெண்டும் இல்ல’ என்று
சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டேன்.

கங்காருவை அங்கே ‘ரூ’ என்பார்கள்.
முதல் வாரம் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம்
யாரோ பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.
பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

டேரில் சுடுவார், நான் ஏற்றுவேன்.
இரவு எட்டுக்குக் கிளம்பினால் விடியும்வரை
செம்மண், காய்ந்த புல்,
வண்டிக் கூரையில் சுழலும் ஒற்றை விளக்கு.
வெளிச்சம் பட்டால் அது ஓடாது.
எழுந்து நிற்கும்,
முன்னங்கைகளை நெஞ்சில் சேர்த்து
தக்பீர் கட்டியவனைப் போல.

குண்டு என்னவோ சின்னதுதான்,
பென்சிலைவிட மெலிசு.
தலையில் மட்டும் பட வேண்டும்.
உடம்பில் பட்டதைக் கம்பெனி எடுக்காது.
இரக்கமும் விலையும் ஒரே விதியில் எழுதியிருந்தன.
எதற்காக டேரில் தவறாமல் சுட்டார் என்று
ஆறு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.
கேட்டிருந்தால்
அவருக்கும் தெரிந்திருக்காது.

தலையை வெட்டி எறிந்து, காலில் அட்டை கட்டி
கொக்கியில் மாட்டுவது என் பாடு.
முகமில்லாத வரிசை, கிலோ கணக்கு.
பெட்டையாக இருந்தால் அதற்கு முன் இன்னொன்று உண்டு:
பைக்குள் கை விட வேண்டும்.
சூடாக இருக்கும்.
சில காலி.
காலியில்லாதவற்றுக்கு என்ன செய்வதென்று
படம் போட்டு ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள்.
‘ஒரே அடி. உனக்குக் கை சுத்தம்’ என்றார் டேரில்.
லாத்தா வீட்டு மாடிப்படி பதினான்கு.
ஏறும்போது எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன்.

நேற்று கோட்டைச்சாமி வந்தான்,
கரிமூட்டம் போடுகிறவன்,
தோளில் ஏர்கன், நெற்றியில் டார்ச்.
கருவைக்காட்டில் முயல் பெருத்துக் கிடக்கிறதாம்,
ரோட்டோர ஓட்டலில் ஒன்றுக்கு அறுநூறாம்.
‘பாரஸ்ட்காரன் கண்ணுல மட்டும் படக்கூடாது மாப்ள.
நீ அங்க எம்புட்டு சுட்டுருப்ப!’
இல்லை என்று நான் சொல்லவில்லை.

கச்சான் நின்று மூன்று நாள்.
ஆண்கடல், பெயரை மறந்து, குளம்போலக் கிடந்தது.
உப்பு வாடையும் மூட்டப் புகையும் சட்டையில் ஏற
உடைமுள் ஒதுக்கிப் போனோம்.
டார்ச் ஓரிடத்தில் நின்றது.
முயல்.
காதுக்குள் ஓடும் ரத்தம் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது.
எழுந்து நிற்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.
எழுந்தது.

மிளகளவு ஈயம்.
வாயில் பிஸ்மி வந்தது, விரலும் அசைந்தது.
எதற்குமுன் எது என்று
சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன்.

அது உள்ளே ஓடிவிட்டது.
முக்கால் மணி நேரம் முள்ளுக்குள் தேடினோம்.
செருப்பைத் துளைத்த ஒன்று இன்னும் குதிகாலில் இருக்கிறது.
‘வவுத்துல பட்டுருக்கு’ என்றான் கோட்டைச்சாமி,
மண்ணில் ரத்தம் பார்த்து.
‘எங்க பட்டா என்ன, கறி கறிதான?
இங்க எந்தக் கம்பெனிக்காரன் கழிச்சுப் போடப் போறான்?’

ஒரு புதரடியில் கிடந்தது. உயிர் இருந்தது.
‘இந்தா, நீயே அறுத்துரு’ என்று கத்தியை நீட்டினான்.
‘ஒங்க ஆளுக வாங்கணும்னாலும் ஆகும்ல.’

அதற்குள் என் கை
அதன் வயிற்றில் இருந்தது,
ஈர மயிரை விலக்கி விலக்கி
எதன் வாயையோ தடவிக்கொண்டு.
முயலுக்குப் பை கிடையாது.
எனக்குத் தெரியும்.
கைக்கு யாரும் சொல்லவில்லை.

‘என்னத்தத் தேடுற மாப்ள?’

‘குண்ட’ என்றேன்.

கத்தி நீட்டியபடியே இருந்தது.
முயல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.