மூன்றாம் பரிசு

நானூறு வயதுத் துறைமுகச் சுவரில்
புது நோட்டீஸ்.
வரும் சனிக்கிழமை, பழைய உப்புக் கிடங்கில்,
உயிர்காப்புப் படகின் எஞ்சினுக்காக
சூப்பும் ரொட்டியும். தலைக்கு ஐந்து பவுண்டு.
ஞாயிறு காலை கடல் முழுக்கு.
ஃபைஃப் கரைக் குளிர் தாங்காதவர்கள்
நின்று கைதட்டலாம்; அதற்கும் கட்டணம் உண்டு.

கீழே, வேறு மையில், இஷ்பெல்லின் கையெழுத்து:
போன மாத வசூல் வாளியில்
சில்லறையோடு ஒரு மோதிரம் கிடந்தது.
உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

நான்கு வாரம். ஒருவரும் வரவில்லை.
மீன்சந்தையில் ஆளுக்கொரு கதை:
நண்டு எடுக்கையில் நழுவியது என்றார்கள்,
சண்டை என்றார்கள்,
எவளோ சுற்றுலாக்காரியின் தாராளம் என்றார்கள்.
கமிட்டி கூடிப் பேசி
அதையும் குலுக்கலில் சேர்த்துவிட்டது,
விஸ்கிக்கும் பன்றித் தொடைக்கும் அடுத்தபடியாக.

பதினேழு வருஷமாக
ஒரு கேக் துண்டுகூட வாங்காத லாக்லன் மெல்ட்ரம்
நேற்று மழையில் வந்து நின்றான்.
எஞ்சின் என்ன விலை என்று கேட்டான்.
பிறகு, கடலைப் பார்த்தபடி,
நாற்பது சீட்டு என்றான்.

இஷ்பெல் ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.
அவன் விரலை அவள் பார்க்கவில்லை.
பார்த்துவிடாமல் இருக்கத்தான்
அத்தனை சத்தமாக எண்ணினாள்.