ஒள்ளுப்பம்

"ஒள்ளுப்பம் தமிழ் தெரியும்" என்கிறாள்
இத்சியார், ஸ்பெயின்காரி.
கொஞ்சம் இல்லை, ஒள்ளுப்பம்.
ரொட்டிக்கடை மாமியிடம் பொறுக்கியிருக்கிறாள்.
கால் கயிறு அறுந்த பலகையைத் தூக்கிக்கொண்டு
உல்லை வெயிலில் என் கடைக்கு முன்னால் நிற்கிறாள்.
கயிறு என்ற சொல் வரவில்லை.
என் வாயில் அவளுடைய மொழி தயாராக இருக்கிறது.
நான் பேசவில்லை.

போன மாரியில்
பலகைகளைக் கூரையோடு கட்டித் தூக்கிவிட்டு
மூன்று சீசன் காசோடு காதிஸுக்குப் போனேன்,
ஸ்பானிய மொழி படிக்க.
"அங்க அலை இல்லாமலா மொழியப் பிடிக்கப் போற?"
என்று வாப்பா கேட்டார்.
விசாவில் சுற்றுலாப் பயணி என்று இருந்தது.
உல்லையில் பிறந்தவனுக்கு
இதைவிடப் பகிடி இல்லை.
ஏழு வயதிலிருந்து நான் பார்ப்பதே அவர்களைத்தான்,
தோள் உரிந்து சிவந்து
கடலுக்கு முன்னாலேயே நின்று
கடல் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களை.

முதல் நாள் காலை ஒருவன்
கோப்பிக்கு இரட்டை விலை எடுத்தான்.
சத்தியமாகச் சந்தோசமாக இருந்தது.
இளநிக்கு இரண்டு விலை வைத்து வளர்ந்தவனை
கடைசியில் ஒருவன் ஏமாற்றிவிட்டான்.
நானும் தெருவில் அண்ணாந்து நடந்தேன்,
மாடத்துப் பூச்சட்டியை, காயப்போட்ட சீலையை
வாய் பிளந்து பார்த்தேன்.
எங்கட வீட்டுக் கொடியை ஆரும் படம் எடுத்தால்
உம்மா வேலியை அடைப்பா.

மறுகா வகுப்பு.
படிப்பித்தவள் பெயர் நூரியா.
எங்கட பள்ளி ரோட்டில் மட்டும் நாலு நூரியா என்றேன்.
அவளுடையது ஏதோ மலைக்கோயில் மாதாவின் பெயராம்.
"நான் இன்னார்" என்று சொல்ல
அவர்களிடம் இரண்டு சொல்.
நிலையாக இருப்பதற்கு சோய்,
இப்போதைக்கு இருப்பதற்கு எஸ்தோய்.
எஸ்தோய் துரிஸ்தா என்றேன்.
வகுப்பே சிரித்தது.
சோய் துரிஸ்தா என்று பலகையில் எழுதி
இரண்டு கோடு கீறினாள்.
பிழை என்னுடையதுதான், ஆனால் விட மனமில்லை.
பத்துக் கிழமைக்குத்தானே நான் இது.
தமிழில் அந்த இடத்தில் வினையே இல்லை, டீச்சர்.
நான் டூரிஸ்ட். முடிந்தது.
இரண்டு சொல்லுக்கும் நடுவில்
ஒரு ஆள் ஒதுங்கி நிற்க இடமிருக்கிறது.

சந்தையில் அவர்கள் மொழியில் கேட்டால்
இங்கிலீசில் பதில் வந்தது.
தயவாகத்தான்.
அந்தத் தயவுக்குப் பிறகு
தோடம்பழம் புளித்தது.

ஒரு பின்னேரம் கடற்கரையில்
வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரைப் படம் எடுத்தேன்.
அவர் நிமிராமலே கையை உயர்த்தினார்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
கரைவலை இழுக்கும்போது
கேமராக்களுக்கு வாப்பா உயர்த்துகிற கை.
மன்னிப்புக் கேட்கும் சொல் மூன்றாம் பாடத்தில் படித்தது,
நீயா நீங்களா என்று நான் தேடி முடிக்குமுன்
அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.
படத்தை அழித்தேன் என்று சொல்ல விருப்பம்.
அழிக்கவில்லை.
வெளிச்சம் நல்லா விழுந்திருந்தது.

இத்சியார் இன்னும் தேடுகிறாள்.
கண்ணை மூடுகிறாள், விரலைச் சுற்றுகிறாள்,
மாமியின் கடையை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாள்.
பின்னால் ரெண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.
நான் ஒரு பலகைக்கு மெழுகு தேய்க்கிறேன்,
ஏற்கெனவே தேய்த்த பலகைக்கு.

"கயிர்" என்கிறாள்.

கயிறு எடுத்துக் கொடுக்கிறேன்.
எவ்வளவு என்று கேட்கிறாள்,
அதுவும் தமிழில், சுத்தமாக.
இரண்டு விலையில் எதைச் சொல்வதென்று
எனக்கு
ஒள்ளுப்ப நேரம் எடுக்கிறது.