இடது கன்னம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது
முடிவெடுக்க நிறைய நேரம் கிடைக்கும்.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணியிருக்கிறேன்.
கைப்பையில் ஒரு மஞ்சள் தாள்,
டாக்டர் நிலோஃபர் கட்டம் போட்டு எழுதிக்கொடுத்தது.

ரேடியோ அலை: சூடான கல்லால் தடவுவதுபோல். ஆறு முறை வரவேண்டும்.
அல்ட்ராசவுண்ட்: ஒரே முறை. தாடை எலும்பில் சுர்ரென்று இறங்கும்.
ஊசியும் அலையும் சேர்ந்தது: மூன்று நாள் முகம் சிவந்திருக்கும்,
லீவு போடணும்.
லேசர் என்று எழுதி அவரே அடித்துவிட்டார்.
"உங்க நிறத்துக்கு இந்த மிஷின் வேணாம், கருத்துடும்."
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை.
தொகைகள் மட்டும் கொஞ்சமும் தொங்கவில்லை.

எனக்குச் சூடு தெரியும்.
பதினோரு வருஷமாக ஊறுகாய் பாட்டிலுக்கு
லேபிள் சுருக்கும் எந்திரத்தில் நிற்கிறேன்.
தொளதொளவென்று உள்ளே போகும் பிளாஸ்டிக் உறை
நாலு விநாடியில் பாட்டிலைக் கவ்விக்கொண்டு வெளியே வரும்.
சூடு குறைந்தால் கழுத்தில் சுருக்கம்.
கூடினால் எலுமிச்சம்பழப் படம் வாய் கோணிச் சிரிக்கும்.
இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை வைத்தார்.
"அதேதான். ஆனா தோல் நாலு விநாடில சுருங்காது,
மூணு மாசம் யோசிக்கும்."

இருபத்தாறு கிலோ.
சர்க்கரைக்காகக் குறைத்தது,
பாதி நடந்து, பாதி சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்து.
முட்டிவலி போனது. மாத்திரையில் ஒன்று போனது.
கன்னம் மட்டும்
இறங்கிப்போன ஆளுக்கு இன்னும் இடம் பிடித்து வைத்திருக்கிறது,
பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டதுபோல.

கம்பெனி வாசலில் வருகைப் பதிவு எந்திரம்தான்
முதலில் வாய்விட்டுச் சொன்னது: "பொருந்தவில்லை."
நெருங்கி நின்றேன். "பொருந்தவில்லை."
பொட்டை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.
எனக்குப் பின்னால் ஷிப்டுக்குப் பதினேழு பேர்.
ரெஜினாள் சொன்னாள்,
"கன்னத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு காமிக்கா."
பிடித்தேன்.
"நன்றி, குணவதி" என்றது.

அன்று சாயங்காலம்தான் படியேறினேன்,
தண்டையார்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.

மாதிரிக்கு இடது பக்கம் மட்டும் இலவசம்.
முதலில் ஜில்லென்று ஜெல், பிறகு வெதுவெதுப்பு,
பிறகு சூடு.
டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், "தாங்குதா? தாங்குதா?"
இத்தனை நேரம் என் முகத்தை யாரும் தொட்டதில்லை.
இதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒரு வாரம் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன்.
எண்ணூர் பஸ்ஸின் ஜன்னலில்,
கழுவிக் கவிழ்க்கும் முன் எவர்சில்வர் தட்டில்,
மூடி போடாத பாட்டிலின் வயிற்றில்.
காலையில் இடது ஜெயிக்கும்.
ராத்திரிக்குள் இரண்டும் சமாதானமாகிவிடும்.
எந்தப் பக்கம் என்று கண்டுபிடி என்றேன் ரெஜினாளிடம்.
வலது என்றாள், சத்தியம் பண்ணி.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் தணிகாசலம் கூப்பிட்டார்.
"தெனம் கன்னத்தப் புடிச்சிக்கினு நிக்கிறியே,
பழச அழிச்சிட்டு புதுசா ஏத்திக்கலாம்மா."
நேரே பார். இடது. வலது.
பத்து விநாடி. காசில்லை.
பழைய குணவதி ஒரு பொத்தானில் போனாள்,
இருபத்தாறு கிலோவோடு.

அப்ப இனிமே அவசியமில்லக்கா என்கிறாள் ரெஜினாள்.
அவசியம் என்று நான் எப்போது சொன்னேன்?

தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.
டாக்டர் பொய் சொல்லவில்லை:
"எத எடுத்தாலும் கால்வாசிதான் ஏறும்.
மிச்சம் கத்திக்குத்தான்."
கால்வாசி.
ஏலச்சீட்டில் என் முறை மார்கழியில்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அதே மார்கழியைத்தான் நம்பியிருக்கிறது.

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
கேட் தூக்குவதற்குள்ளேயே ஆட்டோக்கள் உறுமுகின்றன.
அல்ட்ராசவுண்ட் என்று வைத்துக்கொள்வோம்.
மூணு மாசம் யோசித்துவிட்டுத் தோல் சரியென்று ஏறி,
எந்திரம் மறுபடி "பொருந்தவில்லை" என்றால்
கன்னத்தைக் கீழே இழுத்துக் காட்டுவேன்.