ஏழு பெட்டி

காற்றாடிகளை நிற்பாட்டச் சொன்னது நான்தான்.
மைக்கில் அவை கலைந்த தேனீக்கூடு மாதிரி இரைந்தன.
பம்பலப்பிட்டியில்
தண்டவாளத்துக்கும் கடலுக்கும் முதுகைக் காட்டி நிற்கிற மண்டபம்,
சித்திரை வெக்கை.
அறுபத்திரண்டு பேரும்
நிகழ்ச்சித்தாளை மடித்து விசிறத் தொடங்கினார்கள்.
அதுவும் ஒரு சத்தம் என்பதை
நான் யோசித்திருக்கவில்லை.

நெவில் கெலார்ட், வயது எழுபத்தொன்பது,
ஆசனத்தை மூன்று தரம் உயர்த்தி மூன்று தரம் தாழ்த்தி
கடைசியில் ஒரு பழைய தொலைபேசிப் புத்தகத்தின் மேல் அமர்ந்தார்.
கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த பறங்கி.
நல்லதை ஆங்கிலத்தில் சொல்வார்,
கெட்டதைத் தமிழில்.
அன்று பியானோவோடு தமிழில்தான் பேசினார்.
உப்புக்காற்று தின்ற தந்திகள்;
வலப்பக்கம் ஒரு கறுப்புக் கட்டை
அழுத்தினால் 'டொக்' என்கும், அவ்வளவுதான்.
"சனியன், செத்துட்டான்.
சரி, அவனைச் சுத்திப் போவம்."

மயூரதியின் டபுள் பேஸ் ஓட்டோவில் வந்தது.
கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க
வெள்ளவத்தையில் பொலிஸ்காரர் மறித்து
உள்ளே யார் என்று கேட்டாராம்.
டிரம்ஸில் துவான் இஃப்ளால்.
பகலில் வங்கிக் கவுண்டரில் காசு எண்ணுகிற அதே மணிக்கட்டு.

முதல் உருப்படியிலேயே இஃப்ளால் குச்சிகளைக் கீழே வைத்தான்.
பிரஷ்ஷை எடுத்து
சனங்கள் விசிறும் கதிக்குத் தோலைத் தடவினான்.
ஹெட்போனில்
எது தாள் எது தோல் என்று எனக்குக் குழம்பிய இடத்தில்
மயூரதி நுழைந்தாள்,
தரைக்குக் கீழே யாரோ நடப்பது போல.

மூன்றாவது, மெதுவானது.
இருபத்திரண்டு வயதில் நெவில் தானே எழுதியது.
நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் விநாடி:
கைகளைத் தூக்கினார்.
தூக்கியபடியே இருந்தார்.
பின்னால் காலிப் பக்கம் போகிற ரயில்;
ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் நடுங்கின.
மயூரதி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.
இஃப்ளால் யாரையும் பார்க்கவில்லை.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
முன்வரிசையில் ஒருவர் "ஆஹா" என்றார்,
கண்ணை மூடி.
பிறகு கைகள் இறங்கின,
இடது கை சரியாக,
வலது கை நேரே அந்தச் செத்த கட்டையில்.
டொக்.
அதிலிருந்து பாட்டு எழும்பிப் போனது.

முடிந்த பிறகு, பின்வாசலில்,
பிளேன்டீக் கோப்பையோடு நின்றவரிடம்
அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்,
கொஞ்சம் அலங்காரமாக.
"என்ன மௌனம்? மறந்து போச்சுடா.
அடுத்தது என்னண்டு வரல்ல.
சும்மா இருக்க ஏலாதே,
கோச்சிப் பெட்டிய எண்ணினேன்.
ஏழு.
ஏழோட கை தானாப் போச்சு."
சீனிக்கட்டியைக் கடித்தார்.
நான் வயரைச் சுருட்டப் போனேன்.

இப்போது தெமட்டகொடையில் என் அறை, இரவு இரண்டு மணி.
ரயிலை எடுத்துவிடலாம்; அதற்குக் கருவி இருக்கிறது.
டொக்கையும் எடுத்துவிடலாம்.
இருமலை ஏற்கனவே எடுத்துவிட்டேன்,
அவரவர் இருமலுக்கு யாரும் உரிமை கோரமாட்டார்கள்.
மிச்ச எல்லாவற்றையும் தாழ்த்தி
சில்லுகளை மட்டும் கேட்கிறேன்.
தடக்தடக் என்றால் ஒரு பெட்டி.
ஒன்பது வருகிறது.
பின்னால் இழுத்து மறுபடி எண்ணுகிறேன்.
ஒன்பதுதான்.
எட்டாவதும் ஒன்பதாவதும்
அவர் வாசிப்புக்கு அடியால்
யாரும் எண்ணாமல் போகின்றன,
வெள்ளவத்தைக்கு, தெகிவளைக்கு, அதற்கும் அப்பால்.

ஒன்றையும் எடுக்கவில்லை.
விடிந்ததும் தொலைபேசியில் சொன்னேன்:
நெவில், பெட்டி ஒன்பது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
கரண்டி ஒன்று கோப்பையில் சுற்றுகிற சத்தம் மட்டும்.
"ஏழுதான்டா" என்றார்,
தமிழில்.