மூன்றாம் கவுன்ட்டர்

இரத்தத்தில் குறையில்லை என்றார்கள்.
தைராய்டு சரி, சர்க்கரை சரி.
நாற்பத்தெட்டு வயசு, அப்படித்தான் இருக்கும் என்று
இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்
பெரம்பூர் டாக்டர்.
மூன்று மாதம் முழுங்கினேன்.
வாயெல்லாம் துருவின் ருசி,
அசதி அப்படியே.

ஏழு மணிக்கு வீடு வந்தால்
செருப்போடு கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன்.
சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டபடி
தனபால் என்னவோ கேட்பார்.
"ம்" என்பேன்.
எதற்கான "ம்" என்று இரண்டு பேருக்கும் தெரியாது.
நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறாய்
என்பதை மட்டும்
எதிரில் வந்து நின்று மிகத் தெளிவாகச் சொல்வார்.

உட்கார்ந்துதான் இருக்கிறேன்.
கண்ணாடித் தடுப்பு, அதில் உள்ளங்கையளவு ஓட்டை,
தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி,
பணம் எண்ணும் மெஷின்,
டோக்கன் எண்ணை அழைக்கும் பெண்குரல்,
வெளியே பேப்பர் மில்ஸ் ரோட்டில்
முன்னால் நிற்கும் வண்டியைத் திட்டும் பின்வண்டி.
இதையெல்லாம் தாண்டி
ஒருவர் சொல்வது என்னிடம் வரவேண்டும்.

வருகிறது, பாதி.
பள்ளிக்கூடத்தில் படித்தோமே, உயிர், மெய்.
எனக்கு உயிர் வந்து சேர்கிறது.
மெய் வழியிலேயே விழுந்துவிடுகிறது.
ஆ, ஊ, ஏ என்று நீளமாக ஏதோ.
முன்னால் நின்றது க-வா த-வா ச-வா,
அதை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்
உதட்டைப் பார்த்து, கையிலிருக்கும் சலானைப் பார்த்து,
இந்த மனுஷர் போன மாதம் எதற்கு வந்தார் என்று யோசித்து.
போட்டு முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம்
நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியிருக்கும்.
ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொள்கிறேன்.
ஒரு நாளைக்கு நூற்றிருபது டோக்கன்.

புரியாதபோது சிரித்துவிடுவேன்.
சிரித்த முகம் என்று கிளையில் எனக்குப் பெயர்.

பிப்ரவரியில் ஒரு பையன் வந்தான்,
கையில் பென்ஷன் பாஸ்புக்.
"அப்பா" என்பது கேட்டது.
அடுத்த சொல்லை "அனுப்பினார்" என்று நிரப்பிக்கொண்டேன்.
"அப்பா நல்லா இருக்காரா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.
அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு ஓட்டை வழியாக
இறப்புச் சான்றிதழைத் தள்ளினான்.
போகும்போது நன்றி சொன்னான்,
அல்லது நன்றி போல ஒன்று.

அன்று மதியம் டப்பாவைத் திறக்கவில்லை.
மெர்லின்தான் அண்ணா நகரில் ஒரு இடம் சொன்னாள்.

சின்ன அறை, கனத்த கதவு.
பட்டனைக் கொடுத்து, சத்தம் வந்தால் அமுக்கச் சொன்னார்கள்.
வராதபோதும் இரண்டு தடவை அமுக்கினேன்,
ஃபெயிலாகிவிடுவேனோ என்று பயந்து.
காகிதத்தில் என் கோடு
பரங்கிமலைப் படிக்கட்டு போல இறங்கியிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்:
"சாயங்காலமானா ரொம்ப அசந்துடுவீங்களா மேடம்?"
தெளிவாகவே கேட்டது.
இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இப்போது இரண்டு காதிலும்
அவரைக்கொட்டை அளவில் கருவி.
கடன் இன்னும் பதினாலு மாதம், எங்கள் வங்கியிலேயே.
எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
பிளாஸ்டிக் பையை யாராவது பிரித்தால்
தகரக் கூரையில் மழை.
மே மாத வேர்வையில் இடதுபக்கம் செத்துப்போகிறது,
ராத்திரி உலர்த்தினால் காலையில் பிழைக்கிறது.
கஃபூர் சாரிடம் வாய்விட்டுக் கேட்டு
மின்விசிறிக்குக் கீழே இல்லாத
ஐந்தாம் கவுன்ட்டருக்கு மாறியிருக்கிறேன்.
மதியம் கால்மணி நேரம் ஸ்டோர் ரூமில்
பழைய லெட்ஜர்களோடு, கருவி இல்லாமல் இருக்கிறேன்.
அவை எதுவும் கேட்பதில்லை.

நேற்று சனிக்கிழமை.
ஆறு மணிக்கே இரண்டையும் கழற்றி வைத்துவிட்டேன்.
தனபால் குழாயை மூடிவிட்டு வந்து
விளக்கைப் போட்டு, எதிரே உட்கார்ந்து, ஏதோ சொன்னார்.
முறுக்கா, முருங்கையா, தெரியவில்லை.
"ம்" என்று சொல்ல வாய் வந்தது.
"எது?" என்றேன்.

காற்றில் முழ நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

ரெண்டு போதும் என்றேன்.