இறந்தகாலத்தின் வால்

மூர்மன்ஸ்கில் டிசம்பர்.
நாற்பது நாள் சூரியன் விடுப்பில்.
மூன்றே முக்கால் வயது சவேலி
பனியில் வழுக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே
"உப்பாலா" என்கிறான்.
விழுந்தேன் என்று பொருள்.

தமிழில் இதை எழுதச் சங்கடமாயிருக்கிறது.
நான் விழுந்தேன் என்றால்
விழுந்தது ஆணா பெண்ணா என்று
நம் வினைமுற்று விசாரிப்பதில்லை.
அவன், அவள் எல்லாம் அடுத்தவர் வாயில்தான்.
அவர்கள் மொழியில் அப்படித் தப்பமுடியாது.
ஆண் விழுந்தால் உப்பால்.
பெண் விழுந்தால் உப்பாலா.
கடைசியில் ஒரு சின்ன ஆகாரம், வால் மாதிரி.

சவேலிக்கு வால் இருந்தது.

அம்மா உல்யானா
சாப்பிட்டேன், மறந்தேன், அப்படியே தூங்கிப்போனேன் என்று
வாலோடுதான் சொன்னாள்.
பாலர் பள்ளி ஆசிரியைகள் மூவரும், சமையல்காரியும்,
லிஃப்டில் மூச்சு வாங்கியபடி ஏறும் ஆறாம் மாடிக்காரியும்.
அவன் காதில் விழுந்த இறந்தகாலமெல்லாம்
பெண்களுக்கு நடந்தவை.
அப்பா ரொதியோன் பாரென்ட்ஸ் கடலில்
காட் மீனுக்குப் பின்னால்.
ஃபோனில் வருவான்,
சாப்பிடுறியா, வர்றேன், வாங்கிட்டு வர்றேன்.
அந்தக் காலங்களுக்கு
அங்கேயும் வால் கிடையாது.

ஸ்லாதாதான் முதலில் பிடித்தாள்.
அவளுக்கு ஐந்து முடிந்துவிட்டது, சட்டம் தெரியும்.
"நீ பையன். அப்படிச் சொல்லக் கூடாது."
"ஏன் பையன்?"
"உனக்குக் கிராப்பு."
"பேனுக்காக உனக்கு மொட்டை போட்டாங்களே, அப்ப நீ?"
ஸ்லாதா கையுறையைக் கடித்தபடி யோசித்தாள்.
நேர்மையான பிள்ளை.
"கொஞ்ச நாள் பையன்" என்றாள்.
"ரெண்டு வாரம் இருக்கும்."

புத்தாண்டுக்கு நாலு நாள் முன்
ரொதியோன் கரையேறினான்.
உனக்காகக் காத்திருந்தேன் என்று
ஓடிவந்து காலைக் கட்டிய மகன்
வாலோடு சொன்னான்.
சிரித்தான் அப்பன். அப்புறம் சிரிக்கவில்லை.

சூப் மேசையில் பாடம் தொடங்கியது.
கரண்டி பெண். கத்தி ஆண்.
ஜன்னல் ரெண்டுமில்லை.
பாலுக்கு (இந்த வேடிக்கை நமக்கு மட்டும்)
பால் இல்லை.
"யார் சொன்னது?"
"அது அப்படித்தான்."
சவேலி கரண்டியைத் திருப்பி
அடியில் பார்த்தான்.

பிறகு சொல்லிப் பழகினான். உப்பால். உப்பால்.
கடைசி எழுத்தை
மாத்திரை விழுங்குகிற முகத்தோடு விழுங்கினான்.

ஜன்னலில் நிலா.
அந்த இருட்டு நாட்களில் அது
மறையாமல் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.
"அது?"
"நிலா. பெண்."
"போன வாரம் ஒல்லியா இருந்துச்சே?"
"அது பிறை. ஆண்."
சொன்ன பிறகுதான் ரொதியோனுக்கு
தன் வாயில் என்ன வந்ததென்று உறைத்தது.
சவேலி ரொட்டியைக் கீழே வைத்தான்.
"அப்ப வளர்ந்தா மாறிடும்."
"இல்லடா..."
"நானும் வளர்ந்து அம்மா ஆவேன்.
நீ சூப்பை மிச்சம் வைக்கிறே,
அதான் அப்படியே இருக்கே."
உல்யானா குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தத்துக்குள் சிரித்தாள்.

பிப்ரவரியில் மறுபடி கப்பல்.
சவேலி இப்போது பிழையில்லாமல் பேசுகிறானாம்.
அழும்போது மட்டும்
வால் முளைக்கிறதாம்.

வலையிழுத்து முடித்த ஒரு விடியாத விடியலில்
கையுறை கழற்றி, விரல்களை உதறி,
ஆளில்லாத தளத்தில்
"களைத்துவிட்டேன்" என்றான் ரொதியோன்.
சுற்றிலும் பார்த்தான்.
உப்புப் பார்ப்பதுபோல்
இன்னொரு தரம் சொன்னான்,
கடைசியில் அந்தச் சின்ன ஆகாரத்தோடு.

ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை.
தேநீர் ஆறுகிறதென்று
உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.